உறுமித் தாத்தா

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பிறந்து ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது, பக்கத்தில் நின்று முதன்முதலாகக் கேட்ட வாத்தியம் எது என்று கேட்டுப் பாருங்கள். கோயில் நாதஸ்வரம் என்று முதலில் சொல்வார்கள். கொஞ்சம் யோசிக்க விட்டால் பூம்பூம் மாட்டுக்காரரின் உறுமிக்கு வந்து சேர்வார்கள். கோயில் மேளம் சாமிக்கு வாசித்தது. கல்யாண மேளம் பெரியவர்களுக்கு வாசித்தது. சாவு மேளத்தின் பக்கம் பிள்ளைகளை அண்ட விடமாட்டார்கள். அரை டவுசர் போட்ட பிள்ளைகளைத் திண்ணையில் வரிசையாக உட்காரவைத்து, அவர்கள் முகத்தைப் பார்த்து வாசித்த கலைஞர் எங்களுக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

எங்கள் தெருவுக்கு வந்தவரை மாட்டுக்காரத் தாத்தா என்று கூப்பிடுவோம். சம்பா அறுவடை முடிந்து களத்தில் நெல் கிடக்கும் நாட்களில், பொங்கலை ஒட்டி வருவார். தலையில் சிவப்பு முண்டாசு, யாரோ கொடுத்த கறுப்புக் கோட்டு, தோளில் உறுமி. கூட ஒரு பையன் குழல் ஊதிக்கொண்டு வருவான். மாட்டுக்குக் கொம்பில் பித்தளைக் குப்பி, கழுத்தில் சோழியும் மணியும் கோத்த பட்டை. முதுகை மூடி ஒரு பெரிய போர்வை தொங்கும். அந்தப் போர்வையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெருத்தெருவாக வாங்கிய பழைய புடவைகளைக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்து அவர் வீட்டுப் பெண்கள் செய்தது அது. மாடு தெருமுனையில் திரும்பியதும் நாங்கள் ஓடிப்போய் எங்கள் வீட்டுத் துணியைத் தேடுவோம். "தோ பார், எங்கம்மாவோட மயில்கழுத்துக் கலர்" என்று ஒருத்தி கத்துவாள். அவள் அம்மா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். தன் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் எடுத்த சுங்கடிப் புடவை மாட்டின் விலாவில் ஆடுவதை என் ஆயா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இன்னாப்பா, போன வருசம் காணோம்?" என்பாள் ஆயா.

"ஒடம்பு முடியல தாயீ. மாடும் நொண்டிக்கிச்சு."

பேச்சு அவ்வளவுதான். அடுத்து எங்கள் பக்கம் திரும்பி, "இன்னா கண்ணுங்களா, வாசிக்கட்டுமா?" என்பார்.

உறுமி இடை சிறுத்த மர வாத்தியம்; இரண்டு பக்கமும் தோல். வலது பக்கத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். இடது பக்கத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் உறுமும், முனகும், விம்மும். குச்சியை அழுத்தும் அளவைப் பொறுத்துச் சுருதி மேலே ஏறும், கீழே வழுகி இறங்கும். அடிக்கும் தோல்வாத்தியங்களில் இப்படிக் குரல் இழுத்துப் பேசுவது அபூர்வம். தாத்தா அந்தக் குரலை எங்களுக்காக என்னென்னவோ பேசவைத்தார். பசு கன்றைக் கூப்பிடும். கன்று பதில் சொல்லும். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து நீராவி ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு கிளம்பும், வேகமெடுக்கும், பாலத்தில் தடதடக்கும், தூரத்தில் தேயும். 1879-இல் போட்ட புதுச்சேரிப் பாதையில் அப்போது கரிவண்டி ஓடிய காலம். அந்த வண்டியின் சத்தம் எங்கள் எல்லாருக்கும் பாடம். தாத்தா ஒரு தப்பும் விடமாட்டார். ரயில் முடிந்ததும் "இன்னொரு வாட்டி" என்று கேட்போம். மறுபடியும் வாசிப்பார், ஆனால் இந்த முறை வண்டி வேறொரு ஸ்டேஷனில் நின்று கிளம்பும். ஒரே வாசிப்பை இரண்டு தரம் அவர் வாசித்துக் கேட்டதில்லை. பெரிய கச்சேரிகளை எத்தனையோ கேட்டுவிட்ட பிறகும் அந்தக் கற்பனையை நான் உயரத்தில்தான் வைத்திருக்கிறேன்.

மாட்டின் முறை கடைசியில்தான் வரும். பரீட்சையில் பாஸாவேனா, மாமா ஊரிலிருந்து வருவாரா என்று நாங்கள் கேட்போம். மூக்கணாங்கயிற்றை விரலால் லேசாகச் சுண்டுவார், உறுமி தாழ்ந்த குரலில் ஒரு முறை விம்மும், மாடு தலையை ஆட்டும். கயிறு சுண்டுவது எங்கள் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்போம், அதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம். பெரியவர்கள் அப்படி இல்லை. அவர்கள் மாட்டிடம் நல்ல சொல் வாங்கத்தான் வாசலுக்கு வந்தார்கள். முறத்தில் நெல்லும் படியில் அரிசியும் மாட்டின் தலையசைப்புக்குத்தான் கொடுத்தார்கள். உறுமி வாசித்ததற்குக் காசு என்று யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு அவர் பாட்டுக்காரர், வீட்டுக்கு அவர் யாசகம் கேட்டு வருபவர். இந்த இரண்டில் பிள்ளைகள் பார்த்ததுதான் சரி என்பது என் முடிவு. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அவருடைய மக்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், தெருவில் தமிழ். பெருமாள் மாட்டுக்காரர் என்பது பழைய பெயர். எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் சேர்ந்து 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இவர்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் காளைக்கு ராமன் என்றும் பசுவுக்குச் சீதை என்றும் பெயரிட்டு, ஊடலும் சமாதானமும் கல்யாணமுமாக ஒரு சின்ன நாடகமே நடத்தியிருக்கிறார்கள். ஆந்திரத்தில் இதே கூட்டத்தை ஒத்தவர்கள் கங்கிரெத்துக்காரர்கள். சங்கராந்திக்குச் சன்னாயி என்ற குழலோடு வருவார்கள். கர்நாடகத்தில் கோலே பசவன். மூன்று மாநிலத்துப் பிள்ளைகளும் இந்த மாட்டைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் தங்கியது ஏரிக்கரையில், அல்லது சென்னை நெடுஞ்சாலைப் புளியமரங்களின் அடியில். விக்கிரவாண்டி தாண்டி மயிலம் கூட்டுரோடு வரும்வரை ரோட்டின் இரண்டு பக்கமும் மரம். சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது மரங்கள் போயின. ஊர் ஊராகப் போகிறவனுக்கு மரத்தடிதான் சத்திரம் என்பது சாலை போட்டவர்கள் கணக்கில் வராத விஷயம்.

இந்தப் பாதையில் பாட்டுக்காரர்கள் நடந்தது இன்று நேற்று அல்ல. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல் சங்க காலத்தில் கிடங்கில். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது, 269 அடி. சின்ன யாழை வைத்துப் பாடும் ஒரு பாணனுக்கு இன்னொரு பாணன் வழி சொல்கிறான்: கடற்கரை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், பிறகு கிடங்கில். நம் மரக்காணம் பக்கத்திலிருந்து உள்ளே வரும் வழி இது. வழி சொல்லும் பாணன் வீட்டுப் பசியை நத்தத்தனார் காட்டும் இடத்தைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். கூரை சிதைந்த அடுக்களையில், பால் இல்லாத தாய்நாய் தன் குட்டி முட்டுவதைத் தாங்காமல் குரைக்கிறது. குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள் பாணனின் மனைவி. யாராவது பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். அப்படிப்பட்டவன் கிடங்கிலுக்கு வந்ததும் அரசன் என்ன செய்கிறான்? முதலில் நல்ல உடை. பிறகு தானே பக்கத்தில் நின்று பரிமாறிய சாப்பாடு. கடைசியில் எருது பூட்டிய தேரும் அதை ஓட்டுகிறவனும் பரிசு.

எருது! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் ஞாபகம் வராமல் இருந்ததில்லை. பாணருக்கும் மாட்டுக்காரருக்கும் குலத்தொடர்பு சொல்ல நான் வரவில்லை, அப்படி ஒன்றும் கிடையாது. நான் சொல்வது ஊரைப் பற்றி. வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பசியோடு வந்தவனை உட்காரவைத்துச் சோறு போட்ட பெருமை இந்த மண்ணுக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைப் பாடமாகவும் வைக்கிறோம். அதே மண்ணில், அதே வேலையைச் செய்துகொண்டு வந்தவருக்குத் திண்ணைக்கு மேலே இடம் இருந்ததில்லை.

சட்டமும் அவரைக் கலைஞராகப் பார்க்கவில்லை. 1945-இல் வந்த சென்னை மாகாணத்துப் பிச்சைத் தடுப்புச் சட்டத்தின் கண்ணுக்கு வாசல் வாசலாக வாசித்துக் காசு வாங்குகிறவரும் யாசகர்தான். பிறகு 2011 ஜூலையில் மத்திய அரசு, காட்சிக்காகப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தோடு காளையும். ஜல்லிக்கட்டுக்காரர்கள் போராடினார்கள்; 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது; 2017 ஜனவரியில் மெரினாவில் ஊரே திரண்டு சட்டத்திருத்தம் வந்தது; 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. வாடிவாசல் காளைக்கு வழி பிறந்தது. வீட்டு வாசல் மாட்டைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் பேசியதாக நான் கேட்கவில்லை.

மாட்டை இழுத்துக்கொண்டு சுற்றுவதுதான் நியாயம் என்று நான் வாதாட மாட்டேன். சித்திரை வெயிலில் தார் உருகிய ரோட்டில் அது கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வயிறு ஒட்டிய மாடுகளையும் பார்த்திருக்கிறேன். சட்டத்தின் இரக்கம் எனக்குப் புரிகிறது. என் வருத்தம் வேறு. மாட்டை எடுத்துவிட்டால் அவரிடம் ஒன்றுமே மிஞ்சாது என்று எல்லாரும் நினைத்துவிட்டோம். மிஞ்சுவது உறுமி. மலேசியாவில் நம் பையன்கள் உறுமி மேளக் குழுக்கள் வைத்துத் தைப்பூசத்துக்குக் காவடியோடு வாசித்துப் போகிறார்கள். சினிமாவில் கிராமம் என்று காட்ட வேண்டுமானால் பின்னணியில் உறுமி தேய்கிறது. வாத்தியத்துக்கு மவுசு இருக்கிறது. அதைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியவர் வீட்டுப் பேரன் பிளாஸ்டிக் குடம் விற்கப் போய்விட்டான்.

போவதைத் தப்பென்று சொல்ல முடியாது. படிக்கவைக்கலாம் என்றால் அங்கே சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் முதல் பெயரே ஆதியன்; தாங்கள் ஆதியன் என்றுதான் இவர்கள் சொல்கிறார்கள். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையில் உள்ள அதிகாரிதான் தர வேண்டும். நிலம் இல்லை, பத்திரம் இல்லை, தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தவர்களிடம் நிலையான முகவரிக்கு ஆதாரம் கேட்டால் எங்கே போவார்கள்? பல மாவட்டங்களில் இதற்காக மனுவோடு நிற்கிறார்கள். நரிக்குறவர்கள் பட்டியலுக்குள் வர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவர்கள் பட்டியலில் பெயர் இருந்தும் காத்திருக்கிறார்கள். நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமானால், 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்தில் பிரேமா ரேவதி தொடங்கிய வானவில் பள்ளியைச் சொல்வேன். பூம்பூம் மாட்டுக்காரர், நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஆரம்பித்த பள்ளி அது. தங்கிப் படிக்க இடம், சாப்பாடு, அவமானப்படுத்தாத ஆசிரியர்கள். இந்த மூன்றும் கிடைத்தால் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

எங்கள் தாத்தா எந்த வருடத்தோடு வருவதை நிறுத்தினார் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பொங்கலுக்கு அந்தக் குழல் ஊதும் பையன் மட்டும் மாட்டோடு வந்தான். "தாத்தா எங்கடா?" என்று ஆயா கேட்டதற்கு, மாசியிலேயே போய்விட்டார் என்றான். அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. உறுமி அவன் தோளில் இருந்தது. ஆயா உள்ளே போய் அரிசியோடு ஒரு ரூபாய்த் தாளையும் எடுத்து வந்து, "வாசி" என்றாள். மாட்டிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் ரயில் வாசித்தான். தாத்தாவின் கை அவனுக்கு இன்னும் வரவில்லை. தேய்க்கிற குச்சி அங்கங்கே வழுக்கியது. ஆனாலும் முழுதாக வாசித்து முடித்தான். வாசிப்புக்கென்று எங்கள் தெருவில் ஒருவர் காசு கொடுத்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இப்போது அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பறையும் சிலம்பமும் கரகமும் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறார்கள்; மனசு நிறைகிற காரியம். விழுப்புரம் மாவட்டத்துத் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியைச் சுற்றி இந்தக் குடும்பங்கள் எங்காவது தங்கியிருந்தால், உறுமி தெரிந்த பெரியவர் ஒருவரை அழையுங்கள். மாடு வேண்டாம். உறுமியும் குழலும் போதும். பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்கள், விருப்பமுள்ள பிள்ளைக்கு அந்த வளைந்த குச்சியைப் பிடிக்கக் கற்றுத்தரச் சொல்லுங்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பெயர் பதியாதவர் என்றால் விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள். கிளம்பும்போது, மற்றக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை அதே கவரில் வைத்துக் கொடுங்கள்.