மென்பொருளுக்கு ஓர் இடம் தேடினோம்

யூபிலி மலருக்கு எழுதுவோர் பழைய ஆசிரியரின் பிரம்பையோ கிரிக்கெற் வெற்றியையோ நினைவுகூர்வது வழக்கம். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். நாம் எழுதப் புகுந்தது, ஒரு சிறு மென்பொருளை வைத்து வழங்குவதற்கு இடம் தேடி அலைந்த கதை. அதிலும் எமது ஆசிரியர் ஒருவர் வருகின்றாராதலின் மலர்க்குழுவினர் பொறுத்தருள்வாராக.

கல்லூரியில் ஒரே வகுப்பிற் படித்த நால்வர் சேர்ந்து 2012ஆம் ஆண்டில் ஓர் எழுத்துமாற்றியை ஆக்கினோம். பாமினி எழுத்துருவில் அடித்தவற்றை யுனிகோட் தமிழாக மாற்றுவது அதன் தொழில். பாமினியிற் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினி தன்னுள்ளே பதிந்துகொள்வது நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் பிதற்றலாகத் தோன்றும். எம் நாட்டில் எத்தனையோ விழா மலர்களும் அந்தியேட்டிக் கல்வெட்டுக்களும் இவ்வாறு உறைந்து கிடந்தன. மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமத்தோடு எழுத்துமாற்றியை வெளியிட்டோம். மொத்தம் 4 மெகாபைற்.

எங்கே வைப்பது என்பதை அப்போது ஒரு வினாவாகவே நாம் கருதவில்லை. இலவசமாக இடம் தந்த ஒரு தளத்தில் ஏற்றினோம். அதன் பெயர் இங்கு வேண்டா. 2013இல் அத்தளத்தாரிடமிருந்து ஒரு மடல் வந்தது. எமது பொருளைத் தமது நிறுவியினுள் வைத்துத் தருவதாகவும், அதனால் வரும் விளம்பர வருவாயில் எமக்கும் ஒரு பங்கு உண்டென்றும் எழுதியிருந்தனர். எம்முள் ஒருவர் கீழிருந்த கட்டத்தில் அடையாளமிட்டுவிட்டார். மற்ற மூவரும் மடலை வாசிக்கவேயில்லை. ஆகவே பின்னர் நிகழ்ந்ததிற் பாதிக் குற்றம் எம்முடையது.

இளைப்பாறிய எமது தமிழாசிரியர், பாமினியில் அடிக்கப்பட்ட கல்லூரி மலர்களை அக்காலத்தில் ஒவ்வொன்றாக யுனிகோட்டுக்கு மாற்ற முனைந்திருந்தார். எழுத்துமாற்றியை இறக்கி நிறுவிய மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நீங்கள் தந்தது ஒன்று, வந்து இறங்கினது மூன்றாயிருக்கே. இணையத்தைத் திறந்தால் ஒரு சூதாட்டக்காரன் வாசலில் நிற்கிறான். இதுவும் உங்கட வேலையோ?” என்றார். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எமது பெயரைக் கண்டமையால் எதையும் வாசியாது ‘ஆம்’, ‘ஆம்’ என்று அழுத்திச் சென்றாராம். எம் கையிலிருந்து வாங்குவதாகவே அவர் எண்ணியிருந்தார். கொடுத்த கையோ வேறு.

அன்றே பொருளை அங்கிருந்து எடுத்துவிட்டோம். பின்னர் ஆராய்ந்தபோது, எம்மினும் பெரியோரும் அதே தொல்லைப்பட்டமை தெரிந்தது. 1999இல் தொடங்கிய சோர்ஸ்போர்ஜ், கட்டற்ற மென்பொருளாளர் ஒரு தலைமுறைக்குத் தாய்வீடாக விளங்கியது. அங்கு ஏமாற்றும் விளம்பரங்கள் மலிந்தமையால் வி.எல்.சி. இயக்கியை ஆக்குவோர் 2013இல் வெளியேறினர். அதே ஆண்டு நவம்பரில், விண்டோசுக்கான கிம்ப் ஓவியச் செயலியை வெளியிடுவோரும் நீங்கினர். நீங்கியும் தொல்லை நீங்கவில்லை. 2015இல் அவர்கள் விட்டுச்சென்ற கணக்கைத் தளத்தாரே கைக்கொண்டு, பிற பொருள்களை முன்வைக்கும் நிறுவியைக் கிம்பின் பெயரிலேயே வழங்கினர். 2016இல் உரிமை கைமாறியபின் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது என்பதையும் நியாயங் கருதிச் சொல்லவேண்டும்.

கூகுள் கோட், 2014 ஜனவரியுடன் புதிய தரவிறக்கக் கோப்புக்களை ஏற்பதை நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தது. (2016இல் கதவையே சாத்திவிட்டது.) சொந்தமாக ஒரு வழங்கியை வாடகைக்கு எடுப்போம் என்றார் எம்முள் ஒருவர். பதினாயிரம் பேர் இறக்கினாலும் 40 கிகாபைற்றுத்தான், செலவு பெரிதன்று. ஆனால் அவ்வழங்கியை நாள்தோறும் காவல் காப்பவர் யார்? நால்வரும் நான்கு ஊரில், பிள்ளைகுட்டிகளோடு இருந்தோம். காவலற்ற சொந்த வீட்டினும் காவலுள்ள வாடகை வீடு மேல் என்று கிற்ஹப்பைத் தெரிந்தோம். அதுவும் 2012 டிசெம்பரிற் கோப்பேற்றும் வசதியை நீக்கி, 2013 யூலையில் வேறுருவில் மீளக் கொணர்ந்த இடமே.

2018இல் அதனை மைக்ரோசொவ்ற் 750 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2019இல் அமெரிக்கத் தடைச்சட்டங் காரணமாக ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்த பயனர் சிலரின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. அங்கே எமக்கு உறவினர் எவருமிலர். ஆயினும் அன்றிரவு நால்வரும் நெடுநேரம் பேசினோம். அதன்பின் ஒரு சிறு இணையப் பெயரை விலைக்கு வாங்கி, யாண்டும் அம்முகவரியையே அச்சிட்டோம். அதன் பின்னே கோப்பு எங்கிருப்பினும் வாசகர் அறியவேண்டியதில்லை. 2021இல் பின்ற்றே என்னும் கோப்பகம் மூடப்பட்டபோது, அதன் முகவரியை நேரே அச்சிட்டிருந்தோர் பட்ட பாட்டைக் கண்டு, இச்செலவை இனி வீண் என்று சொல்லாதிருக்க எமது பொருளாளர் இசைந்தார்.

கோப்புடன் ஒரு சரிபார்ப்புத் தொடரையும் வெளியிட்டோம். கோப்பிலிருந்து கணித்துப் பெறும் 64 குறிகள் அவை. கோப்பில் ஓரெழுத்து மாறினும் தொடர் முற்றும் வேறாகிவிடும். 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ற் தளத்தினுள் கள்வர் புகுந்து, தரவிறக்க இணைப்பைத் தமது நச்சுக் கோப்புக்குத் திருப்பியிருந்தனர். புகுந்தவன் அருகிலுள்ள தொடரையும் மாற்றவல்லனாதலின், எமது தொடரை வேறோரிடத்திலும் வைத்தோம்.

அவ்வேறிடம் எமது ஆசிரியரின் குறிப்பேடு. புதிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தொலைபேசியில் 64 குறிகளையும் சொல்ல, அவர் எழுதிக்கொள்வார். கணினியே ஒப்பிட்டுச் சொல்லும் என்றோம். “ஒப்புநோக்குறது கண்ணாலே, தம்பி” என்று மூக்குக்கண்ணாடியை எடுத்தார். கடந்த முறை முப்பத்தேழாம் குறி ‘பி’யா ‘டி’யா என்று எம்மை இருமுறை கேட்டுத் தெளிந்த பின்னரே நிறுவினார்.