கடல் கடந்த மடல்: பச்சை விழுந்தால் வேலைக்கு மட்டும்

சிங்கப்பூர், தேக்கா.

இந்த ஞாயிறு போன் கடையில் மூன்றடைப்பு ஊர்ப் பையன் ஒருவன் பழைய போனிலிருந்த படங்களைப் புதுசுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். கட்டட வேலைக்கு வந்தவன். 2020-இல் எடுத்ததெல்லாம் ஒரே படம்: மேல்கட்டிலின் அடிப்பலகை, அதில் ஒட்டிய வானமாமலைப் பெருமாள், மறைப்புக்குத் தொங்கும் சாரம். "வேற எதைப் புடிக்க, அண்ணாச்சி?" என்றான்.

கொரோனா பரவியதால் அந்த ஏப்ரல் 5-ஆம் தேதி பொங்கோலிலும் தோ குவானிலும் தொழிலாளர் விடுதிகளை அடைத்தார்கள். பிறகு எல்லா விடுதிகளும். உள்ளே 3 லட்சம் பேருக்கு மேல். சோறு, வைத்தியம், வைஃபை எல்லாம் கிடைத்தது, மறுக்கவில்லை. எனக்கு எரிச்சல் பின்னால் வந்த சட்டத்தின் மேல்தான். அப்போது போனில் ஒரு செயலி. பச்சை விழுந்தால் வேலைக்குப் போகலாம். வேலைக்கு மட்டும். வாடகை வீட்டில் இருந்த நான் ஜூன் 19-க்குப் பிறகு கடையில் உட்கார்ந்து டீ குடித்தேன். விடுதிக்காரர்கள் தேக்காவைப் பார்க்க 2021 செப்டம்பர் ஆயிற்று. அதுவும் சோதனை முறையில், வாரத்துக்கு 500 பேர். 2022 ஜூனில் தளர்த்திய பிறகும் ஞாயிற்றுக்கிழமை தேக்கா வர முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்து பேசுவதற்கு!

"ரூம்ல பன்னெண்டு பேரு. ஆனா பேச்சு தீந்துபோச்சு, அண்ணாச்சி. யாரும் வெளிய போகல, புதுசா என்ன சொல்ல?"

நம்ம நாங்குநேரியில் பேச்சு தீருமா? ரெண்டு நாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தலைகாட்டாவிட்டால், "என்னவே, மேலுக்கு முடியலையா?" என்று வீட்டுக்கே வந்து நிற்பார்கள். அதை வம்பு என்று நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். ஊரடங்கில் நம்மூரும் அடங்கித்தான் கிடந்தது. ஆனாலும் வாசல் திண்ணையை எந்தச் செயலியும் பூட்டவில்லை.

செத்துப்போகலாம் என்று அந்தப் பையனுக்கும் தோன்றியிருக்கிறது. தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று இங்கே சட்டம் மாறியது 2020 ஜனவரி 1-இல்தான். விடுதிகளிலிருந்து வந்த அப்படிப்பட்ட செய்திகளுக்குப் பிறகு, அதே வருஷக் கடைசியில் மனிதவள அமைச்சும் ஹெல்த்சர்வ் தொண்டு நிறுவனமும் சேர்ந்து 'ப்ராஜெக்ட் டான்' என்று மனநலத்துக்கு ஒரு திட்டம் தொடங்கின. நல்ல காரியம். ஆனால் வேலை பர்மிட் முதலாளி கையில்.

"மனசு சரியில்லைன்னு சொன்னா ஃபிளைட் ஏத்திருவாங்களோன்னு பயம். ஏஜென்டு கடனே பாதி அடையல." கடைசியில் பக்கத்துக் கட்டில் வங்காளதேசத்துக்காரர்தான் விஷயத்தை மோப்பம் பிடித்து, மனநல ஆலோசகரிடம் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறார்.

நம்மூரில் யாராவது அப்படித் தவித்தால் டெலி மானஸ் எண் 14416. ராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழில் பேசலாம், பர்மிட் கேட்க மாட்டார்கள்.