ஊட்டிக்குப் போனா அண்ணாந்து பாருங்க!

ஊட்டின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட்... கரெக்டா? எனக்கு இப்போ சிம்னிதான் ஞாபகம் வருது. காரணம், போன ஜனவரியில் நாங்கள் ஆறு பேர் பண்ணின ஒரு மடத்தனம்!

செமஸ்டர் முடிந்த கையோடு கிளம்பினோம். ஒரு பழைய பங்களாவைத் தடுத்து, வாடகைக்கு விடுகிற இடத்தில் ரூம். சுவரில் அழகான ஒரு கணப்பு. ஆனால், அதன் வாயில் பலகை அடித்து, முன்னாடி டி.வி. வெச்சிருந்தாங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஜனவரி ராத்திரியில் புல்வெளியெல்லாம் உறைபனி. பல்லு தந்தியடிக்குது. வாசலில் பார்பிக்யூ போட்ட தட்டில் கங்கு மிச்சம் இருந்துச்சு.

'இதை ரூமுக்குள்ள வெச்சா ஹீட்டர் ஃப்ரீ மச்சி!' - இந்த ஐடியாவைக் கொடுத்த புண்ணியவான் நான்தான். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம்னு வெளியே சொல்லிடாதீங்க. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, இடுக்கில் துண்டு வேற செருகினோம்.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தனுக்குத் தலைவலி. இன்னொருத்தனுக்குக் குமட்டல். கொண்டை ஊசி வளைவு பண்ற வேலைன்னு நினைச்சோம். நல்லவேளை, வெந்நீர் கொடுக்க வந்தார் வாட்ச்மேன் தாத்தா. உள்ளே எட்டிப் பார்த்தவர், போட்டாரே ஒரு சத்தம்!

"அறிவிருக்கா தம்பிங்களா? இப்படியே தூங்கினா காலையில யாரும் எந்திரிக்க மாட்டீங்க!"

எங்களை வெளியே இழுத்துப் போட்டு, தட்டைத் தூக்கி வாசலில் கொட்டினார். தலைவலிக்காரன், ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க் வெச்ச பிறகுதான் தெளிஞ்சான்.

வில்லன், கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிச்சுக்கும். கரிக்கங்கில் புகை தெரியாது. அதான் நாம ஏமாறுகிற இடம்!

மறுநாள் தாத்தாவோடு ஊரைச் சுற்றினோம். 'மேல பாருங்க தம்பி' என்று கூரை கூரையாகக் காட்டினார். ஜான் சல்லிவன் 1822-ல் இங்கே 'கல் பங்களா' கட்ட ஆரம்பித்ததிலிருந்து, குளிருக்கு விறகு எரிக்கிற வெள்ளைக்காரப் பழக்கமும் ஊட்டிக்கு வந்துடுச்சு. கூடவே சிம்னியும்!

சிம்னி வெறும் ஓட்டை இல்லை பாஸ். சூடான காற்று லேசானது. உள்ளே 200 டிகிரி, வெளியே 10 டிகிரி என்றால், உள்காற்றின் அடர்த்தி வெளிக்காற்றில் சுமார் 60 சதவீதம்தான். அது மேலே ஏற ஏற, கீழே புதுக்காற்று இழுக்கப்படும். சிம்னி உயரமாக இருந்தால் இழுவை அதிகம். அடுப்பு வாயின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு, புகைக்குழாயின் குறுக்குப் பரப்பு இருக்கணும். குறைந்தால் புகை ரூமுக்கே திரும்பும்.

உயரத்துக்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கு. கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயரணும். 10 அடி தூரத்துக்குள் இருக்கிற எதையும்விட 2 அடி ஓங்கி நிற்கணும். இல்லேன்னா காற்று கூரையில் மோதி, புகையைக் கீழே அமுக்கும். நேற்று முளைச்ச மூணு மாடி லாட்ஜுக்குப் பக்கத்தில் குட்டியாக நிற்கிற பழைய சிம்னிகளைப் பார்த்ததும் பக்குன்னு இருந்துச்சு!

தாத்தா கொடுத்த டிப்ஸ் இன்னும் சிம்பிள். "காகிதத்தைக் கொளுத்தி உள்ளே காட்டுங்க. புகை மேல போனாதான் விறகு வைக்கணும். பச்சை விறகு வேண்டாம், கரி பிடிக்கும். வருஷத்துக்கு ஒருதரம் உள்ளே சுத்தம் பண்ணணும், குருவிக்கூடுகூட இருக்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைங்க."

பச்சை விறகால் படிகிற அந்தக் கரி, சிம்னிக்குள்ளேயே தீப்பிடிக்கும் என்பது இன்ஜினீயரிங் உண்மை.

அடுத்த ஊட்டி ட்ரிப்பில் ரூம் எடுக்கும்போது, வெந்நீர் வருமா, டி.வி. இருக்கான்னு கேட்பீங்க இல்லையா? கூடவே, 'கணப்பு வேலை செய்யுதா, சிம்னி எப்போ சுத்தம் பண்ணினீங்க?'ன்னும் கேளுங்க. பலகை அடிச்சிருந்தா, இன்னொரு கம்பளி வாங்கிப் போர்த்திக்கிட்டுத் தூங்குங்க. கங்குத் தட்டு மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே வரவே கூடாது!