வீடு திரும்பாத கணவர்

விடியும் முன்பே தோவாளைப் பூ சாலைக்கு வந்துவிடுகிறது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தக் கடைத்தெருவை அமைத்தவர் திவான் ராஜா கேசவதாசன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அவர் போட்ட இந்தச் சந்தைக்குத் தெற்கிலிருந்துதான் பெரும்பாலான சரக்கு வந்தது. சரக்கோடு தமிழும் வந்தது. இன்றைக்கும் சாலையில் பூ வாங்கப் போனால் தமிழில் விலை கேட்கலாம், தமிழில் பேரம் பேசலாம். பிச்சியும் அரளியும் மூட்டை அவிழும்போது, அவை எந்த மலையடிவாரத்திலிருந்து வருகின்றன என்று யாரும் யோசிப்பதில்லை.

தோவாளைக்குச் சற்றுக் கிழக்கே ஆரல்வாய்மொழி. அங்கே காற்றாடி மலை. 1752 ஜனவரி 14 அன்று அந்த மலையில் ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. ஊரில் மனைவி இருந்தார்.

அந்த மனிதரின் பெயர் 270 ஆண்டுகள் கழித்து, 2022 மே 15 அன்று, ரோமில் புனித பேதுரு சதுக்கத்தில் வாசிக்கப்பட்டது. அன்று போப் பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். ஒன்பது பேர் குருக்கள், துறவிகள், கன்னியாஸ்திரீகள். பத்தாவது ஆள் தேவசகாயம். அங்கியில்லை, மடமில்லை, துறவு வாக்குறுதியில்லை. கல்யாணமாகிக் குடும்பம் நடத்தியவர். இந்தியாவிலிருந்து ஒரு இல்லறத்தார் புனிதராவது அதுவே முதல்முறை. அன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தும் ஒலித்தது.

புனிதர்களுக்குப் படம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அவரைச் சங்கிலியோடு, மண்டியிட்ட கோலத்தில் வரைகிறார்கள். சங்கிலிக்கு முந்தைய மனிதரைப் பார்க்க வேண்டுமானால் நட்டாலத்துக்குப் போக வேண்டும்.

நட்டாலம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து ஊர். 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்டன் அங்கே பிறந்தார். தகப்பனார் வாசுதேவன் நம்பூதிரி, தாயார் தேவகி. மருமக்கள் வழி நடைமுறையில் இருந்த நாடு அது. பிள்ளை தாய்வீட்டில் வளர்ந்தது. வசதியான குடும்பம், படிப்பு, ஆயுதப் பயிற்சி இரண்டுக்கும் குறைவில்லை. வளர்ந்ததும் பத்மநாபபுரத்தில் அரண்மனை உத்தியோகம் கிடைத்தது. கல்குளம் நீலகண்டசுவாமி கோயில் நிர்வாகத்தில் பொறுப்பான வேலை. மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவியை மணந்தார். நிலம், மாடு, சம்பளம், மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் செல்வாக்கு. ஊர் பொறாமைப்படுகிற மாதிரியான வாழ்க்கை.

பிறகு கெட்ட காலம் வந்தது. மாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது, ஒன்றன்பின் ஒன்றாக நஷ்டம். எந்தத் தெய்வக் குற்றமோ என்று மனம் அலைந்த நேரத்தில் அவர் பேசிய ஆள் ஒரு வெளிநாட்டுக்காரர். பெயர் டிலனாய். 1741 ஆகஸ்டில் குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிக்காரர் அவர். பிடித்து வைத்த மன்னரே அவரிடம் தம் படையைப் பயிற்றுவிக்கும் வேலையை ஒப்படைத்தார். வலிய கப்பித்தான் என்று மக்கள் அழைத்தது இவரைத்தான். உதயகிரிக் கோட்டையில் துப்பாக்கியும் பீரங்கியும் பற்றிப் பேச வேண்டிய இரண்டு அதிகாரிகள் கஷ்டநஷ்டம் பற்றிப் பேசிக்கொண்டார்கள். டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். ஆடு மாடு, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போன பின்னும் கடவுளை விடாத யோபு. நீலகண்டன் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கதை அவரை விடவில்லை.

மதம் மாறுவது அரண்மனை உத்தியோகஸ்தருக்குச் சின்ன விஷயமில்லை. திருவிதாங்கூர் எல்லைக்குள் அது நடக்க வழியில்லை. ஆகவே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, பாண்டி நாட்டுப் பக்கம் இருந்த வடக்கன்குளத்துக்குப் போனார். அங்கே இயேசு சபைக் குரு புத்தாரி இருந்தார். இத்தாலியர், மக்கள் வைத்த பெயர் பரஞ்சோதிநாதர். 1745 மே 14 அன்று ஞானஸ்நானம். லாசரஸ் என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள்.

கதை இந்த இடத்தில் வீட்டுக்குத் திரும்புகிறது. வீட்டில் பார்கவி இருக்கிறார். அவர் முதலில் தயங்கினார் என்றே கோட்டாறு, வடக்கன்குளம் பகுதிகளில் வழிவழியாகச் சொல்கிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. மருமக்கள் வழிச் சமூகத்தில் பெண்ணுக்குத் தன் தாய்வீடுதான் பலம். சொத்தும் சொந்தமும் அங்கேதான். மதம் மாறினால் அந்தக் கதவு அடைபடும். கணவருக்காவது உத்தியோகம் இருந்தது. அவருக்குக் கையில் என்ன மிஞ்சும்? சோற்றுக்கு என்ன செய்வது என்ற பயம் வந்திருந்தால் அது நியாயமான பயம். கடைசியில் அவரும் வடக்கன்குளம் போனார். தெரசா என்ற பெயரைத் தமிழில் ஞானப்பூ என்று வைத்தார்கள். தாய்வழியில் நிற்கிற ஒரு பெண் கணவர் பின்னால் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அன்றைக்கு இல்லை. அப்படியும் போனார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் கிறிஸ்தவத் தம்பதியாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1745 மே முதல் 1749 பிப்ரவரி வரை. நான்கு ஆண்டுகூட முழுதாக இல்லை. அந்த நாட்களைப் பற்றி ஏடுகளில் அதிகம் இல்லை. காலையில் ஜெபம் சொல்லியிருப்பார்கள், அடுப்பு மூட்டியிருப்பார்கள், வராத உறவுக்காரர்களைப் பற்றிப் பேசியிருப்பார்கள். தேவசகாயம் அரண்மனை வேலையையும் விடவில்லை. தெரிந்தது ஒன்றுண்டு: அவர் சாதி பாராமல் பழகினார், தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தீண்டாமை மட்டுமல்ல, இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கும் நடப்பில் இருந்த நாட்டில் இது மதமாற்றத்தைவிடப் பெரிய குற்றமாகச் சிலருக்குப் பட்டிருக்கலாம்.

1749 பிப்ரவரி 23 அன்று கைது செய்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுச் சிறைவாசம். எருமைமேல் பின்புறமாக உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் கட்டி வைத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் பாறையை முழங்கையால் இடிக்கத் தண்ணீர் ஊறியது என்று ஒரு கதை. முட்டிடிச்சான் பாறை என்று அந்த இடத்துக்குப் பெயர். வேப்பமரத்தடிக்கு மக்கள் வந்து அவரிடம் ஆறுதல் கேட்டுப் போனார்கள் என்பது இன்னொரு கதை. இவற்றில் எது நடந்தது, எது பக்தி சேர்த்தது என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் எல்லாக் கதைகளிலும் பொதுவான ஒன்று உண்டு. அவர் யாரையும் சபித்ததாக எந்தக் கதையும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அவர் தண்டிக்கப்பட்டது மதத்துக்காக அல்ல, அரசுக் குற்றத்துக்காகவே என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. மார்த்தாண்ட வர்மா கிறிஸ்தவர்களை வேட்டையாடிய மன்னரும் அல்லர். டிலனாய் கிறிஸ்தவராகவே இருந்தார், உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அவருக்குக் கோயில் இருந்தது. 1750 ஜனவரியில் மன்னர் நாட்டையே ஸ்ரீபத்மநாபருக்குத் தானமாக எழுதிவைத்தார். தேவசகாயம் அப்போது கைதி. வெளிநாட்டுத் தளபதிக்குக் கிடைத்த சலுகை உள்ளூர்க் கோயில் அதிகாரிக்குக் கிடைக்கவில்லை என்பதில் அந்தக் கால அரசியல் தெரிகிறது. சம்பவம் நடந்த நான்கே ஆண்டுகளில், 1756-இல், கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த மரணம் பதிவாகியிருக்கிறது. பிற்காலத்து விசாரணைக்கு அது முக்கியமான ஆதாரமாயிற்று.

முடிவு ஆரல்வாய்மொழியில். ஊருக்கு வெளியே எல்லைக் காட்டில் வைத்திருந்து, பின் காற்றாடி மலைப் பாறைமேல் கொண்டுபோய்ச் சுட்டார்கள். உடல் காட்டில் கிடந்தது. கிறிஸ்தவர்கள் எலும்புகளைத் தேடி எடுத்துக் கோட்டாறு புனித சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். இன்று அந்தப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. மலைக்கு ஏறிப்போகிறவர்கள் மணியோசை கேட்கும் பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டு, முழந்தாளிட்டு ஜெபித்துவிட்டு இறங்குகிறார்கள்.

ஞானப்பூவின் கதையை அங்கே யாரும் அதிகம் கேட்பதில்லை. கணவர் இறந்தபின் அவர் வடக்கன்குளம் போய்விட்டார். பிறந்த வீடு இல்லை, புகுந்த வீடு இல்லை. ஞானஸ்நானம் கொடுத்த கோயிலின் நிழல்தான் மிச்சம். அங்கே பதினான்கு ஆண்டுகள் இருந்து 1766-இல் காலமானார், அங்கேயே அடக்கமானார் என்கிறது மரபு. சேர்ந்து வாழ்ந்தது நான்கு ஆண்டுக்கும் குறைவு, விதவையாக வாழ்ந்தது பதினான்கு. விசுவாசத்துக்காகக் கணவர் கொடுத்த விலைக்கு ஒரு தேதி உண்டு. மனைவி கொடுத்த விலைக்குத் தேதி இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்.

குடும்பங்கள் எப்படி நினைவுகூரப்படுகின்றன என்பதற்கு உதயகிரியில் ஒரு கல்லறை இருக்கிறது. டிலனாயும் அவருடைய மனைவியும், களக்காட்டுச் சண்டையில் பத்தொன்பது வயதில் இறந்த மகனும் ஒரே இடத்தில் கிடக்கிறார்கள். 1777-இல் இறந்த டிலனாயின் கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. யோபு கதையைச் சொன்னவர் குடும்பத்தோடு உறங்குகிறார். கேட்டவர் கோட்டாற்றில், அவர் மனைவி வடக்கன்குளத்தில். இடையில் ஒரு கணவாய்.

வடக்கன்குளம் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. சாதி பாராமல் சாப்பிட்ட மனிதர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், நடுவில் பிரிந்து இரண்டு கால் நீட்டியது போல ஒரு கோயில் கட்டினார்கள். காற்சட்டைக் கோயில் என்று கேலிப்பெயர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் மற்றவர்கள். நடுச்சுவரை 1910-இல் இடித்தார்கள். சுவர் வேண்டும் என்று வழக்கு நடத்தியவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து அதே வாதம் வேறு உருவில் வந்தது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராக அறிவிக்கப்பட்டபோது அவர் தேவசகாயம் பிள்ளை. சாதிப் பட்டம் வேண்டாம் என்று கோரிக்கைகள் போயின. ரோம் ஒப்புக்கொண்டது. 2022-இல் வாசிக்கப்பட்ட பெயர் வெறும் தேவசகாயம். பரஞ்சோதிநாதர் வைத்த பெயரில் அவ்வளவுதான் இருந்தது.

தமிழ்நாட்டிலும் திருவனந்தபுரத்திலும் கத்தோலிக்க வீடுகளில் இப்போது அவர் படம் மாட்டியிருக்கிறது. கடன் தொல்லை, வேலை போன கவலை, மகளின் கல்யாணம் என்று அந்தப் படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். மடத்திலிருந்து வந்த புனிதரிடம் சொல்லக் கூச்சமான வீட்டு விஷயங்களை இவரிடம் சொல்லலாம். மாடு செத்த நஷ்டம் என்னவென்று தெரிந்தவர், மனைவியின் தயக்கத்தைக் கூடவே இருந்து பார்த்தவர். படத்தில் பக்கத்தில் இன்னொருவருக்கும் இடமிருக்கிறது. ஞானப்பூவை வரைந்த படம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை.

மறுநாள் விடியும் முன்பு தோவாளையில் மறுபடி பூ பறிப்பார்கள். ஒரு வண்டி மேற்கே சாலைக் கடைத்தெருவுக்குப் போகும், இன்னொன்று கணவாய் தாண்டிக் கிழக்கே வடக்கன்குளம் பக்கம் போகும். இரண்டும் காற்றாடி மலையின் கண்ணுக்கு எட்டும் தூரத்திலிருந்துதான் கிளம்புகின்றன.