ஒரு மணி நேரப் பிழை

கடிகாரம் பிழைத்தால் இளைஞன் கடிகாரத்தை ஐயுறுவான். முதியவரோ முதலில் தம்மையே ஐயுறுவார். ஈப்போவில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு நேர்ந்தது அதுவே.

பள்ளியில் மணி தவறாதவர் என்று பெயர் பெற்றவர் அவர். இணையவழி நடைபெற்ற இலக்கியக் கூட்டத்திற்குப் பிற்பகல் 3 மணிக்கு வரவேண்டியவர், 4 மணிக்கு வந்து சேர்ந்தார். இருமுறை இவ்வாறு நிகழ்ந்தது. ‘ஐயாவுக்கு நினைவு தளர்ந்துவிட்டது’ என்று இளையோர் இரங்கினர். அவரும் அதனை உள்ளூர நம்பத் தொடங்கினார். கணிப்பொறியின் மணியை அவர் கையால் திருத்துவார். சில நாளில் அது மீண்டும் ஒரு மணி நேரம் பின்தங்கிவிடும். உண்மையிலேயே திருத்தினோமா, திருத்தியதாக எண்ணிக்கொண்டோமா என்று அவர் மயங்கினார்.

பழுதுபார்க்க வந்த இளைஞர், காசு வடிவிலான 3 வோல்ட் மின்கலத்தை முதலில் மாற்றினார். மின்சாரம் நின்றபோதும் கடிகாரத்தை ஓடச் செய்வது அதுவே. ஆயினும் பிழை தீரவில்லை. பின்னரே அவர் சிந்தித்தார். மின்கலம் தளர்ந்திருந்தால் நாளும் ஆண்டும்கூடக் குழம்பியிருக்கும். வினாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் பிசகியிருந்தால், பிழை சிறிது சிறிதாக வளர்ந்திருக்கும். இங்கோ நிமிடமும் வினாடியும் சரி. மணி மட்டுமே ஒன்று குறைவு. எனவே பிழை உறுப்பில் இல்லை. நேர வலயத்தில் இருந்தது.

பாங்காக்கில் பணிபுரியும் மகன் விடுமுறையில் வந்தபோது, தன் அலுவலுக்காக வலயத்தை அவ்வூருக்கு மாற்றியிருந்தான், புறப்படுகையில் மறந்துபோனான். இணையம் அளித்த உலகப் பொது நேரம் சரியானதே. அதனோடு 8 மணியைக் கூட்டவேண்டிய பொறி, 7 மணியையே கூட்டிற்று. தந்தை கையால் செய்த திருத்தத்தையும் அக்கணக்கே அழித்து வந்தது. மறந்தவன் மகன், பழி சுமந்தவர் தந்தை!

வலயம் மாற்றப்பட்டதும் மணி நேரானது. அப்போது ஆசிரியருக்கு 1981 டிசம்பர் 31ஆம் நாள் நினைவில் எழுந்தது. அன்றிரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்தள்ளப்பட்டு 1982 பிறந்தது. சபா, சரவாக்கோடு நாடு முழுமையும் ஒரே நேரத்தைப் பெற்றது. நாற்காலிமேல் ஏறிப் பள்ளிச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தியவர் அவரே.

அடுத்த கூட்டத்திற்கு முதலில் வந்தவரும் அவரே. முதியவர் ஒருவர் தாமதித்தால், அவர் நினைவை ஐயுறுமுன் அவர் கடிகாரத்தை ஒருமுறை நோக்குவது இளையோர் கடனாகும்.