கூடத்துக்கு வந்த பாட்டில்

எங்கள் வீட்டுக் கூடத்தில், ஷோகேஸின் கீழ்த்தட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. ரத்னகிரி அல்போன்ஸா வந்த பெட்டி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தது. அதற்குள் இருப்பவை: ஒரு விஸ்கி பாட்டில், தன் அளவுக்கு மீறிய காகிதச் சட்டை போட்ட ஒரு சின்ன பாட்டில், எவர்சில்வர் பெக் மெஷர், நீளக் காம்புக் கரண்டி, காய்த்தோல் சீவும் பீலர், அடிகனமான இரண்டு கண்ணாடித் தம்ளர்கள், இருமல் மருந்துடன் வந்த பிளாஸ்டிக் மூடி ஒன்று. செம்பூரில் எங்கள் கட்டடத்தில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இப்படியொரு பெட்டியை வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைத்திருப்பது அநேகமாக நாங்கள் மட்டும்தான். அதைச் சேர்த்தவள் நான். என் அப்பாவுக்காக.

அப்பா 1947இல் பிறந்தவர். திருச்சியில் ரயில்வே கணக்குப் பிரிவில் 36 ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தியபோது அவருக்கு 24 வயது. 1974க்குள் கடைகளை மறுபடி மூடினார்கள். 1981இல் மறுபடி திறந்தார்கள். அரசாங்கம் திறந்தாலும் மூடினாலும் எங்கள் வீட்டில் நடைமுறை ஒன்றுதான். பாட்டில் செய்தித்தாளில் சுற்றப்பட்டு வரும். பின்கட்டுக் குளியலறையில், நின்றுகொண்டே, குழாய்த் தண்ணீரை ஊற்றிக் குடிப்பார். ஏலக்காயை மென்றபடி வெளியே வருவார். அந்த நேரத்துக்குச் சரியாக அம்மா கிரைண்டரைப் போட்டுவிடுவார். இட்லி மாவுக்கு என்று பெயர். கிரைண்டர் ஓடினால் அப்பா குடிக்கிறார் என்பது எனக்கும் அண்ணனுக்கும் பத்து வயதிலேயே தெரியும். ஆனால் அவர் கையில் கிளாஸை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அம்மா 2023இல் இறந்த பிறகு அப்பா எங்களுடன் மும்பைக்கு வந்தார். வந்த பதினைந்தாம் நாள், பரணில் அவருடைய சூட்கேஸுக்குப் பின்னால், காலுறைக்குள் செருகிய பாட்டிலைப் பார்த்தேன். இந்த வீட்டில் கிரைண்டர் போட ஆள் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். குடிக்காமல் இருப்பதுதான் நல்லது என்று அவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். பிறகு, “தினமும் எவ்வளவு சாப்பிடுவீங்க?” என்று கேட்டார். “கொஞ்சம்தான்” என்றார் அப்பா. டாக்டர் இரண்டு முறை கேட்டும் அதே பதில். பைசா வித்தியாசத்துக்காக இரவெல்லாம் லெட்ஜரைப் புரட்டியவருக்குத் தன் கணக்கு மட்டும் தெரியவில்லை. மறைத்துக் குடிப்பதில் உள்ள வில்லங்கம் இதுதான். அதற்கு அளவு கிடையாது. யாராவது கதவைத் தட்டுவதற்குள் எவ்வளவு உள்ளே போகிறதோ அதுதான் அளவு. பல வருஷப் பழக்கத்தைச் சட்டென்று நிறுத்தினாலும் உடம்பு முரண்டு பிடிக்கும், தன் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்கலாம் என்று சொல்லி, ரத்த அழுத்த மாத்திரைகளையும் மாற்றி எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

எனக்கு அப்போது லூயிவில் நினைவுக்கு வந்தது. 2018இல் அலுவலக வேலையாக அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்குப் போயிருந்தபோது, அந்த ஊரில் ஒரு மதுக்கூடத்தில் ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெயிலைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஒவ்வொன்றையும் அளந்து, கிளறி, நிறுத்தி, மறுபடி கிளறி ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். குளியலறையில் நின்றுகொண்டு செய்ய முடியாத பானம் அது. அப்பாவுக்கு வேண்டியது இதுதான் என்று ஆறு வருஷம் கழித்துத் தோன்றியது.

ஓல்ட் ஃபேஷன்ட் என்றால் பழைய பாணி. உண்மையாகவே பழையதுதான். காக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, 1806 மே 13 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹட்ஸன் ஊர்ப் பத்திரிகை ஒன்று பதில் போட்டது: ஏதாவது ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு. நான்கே நான்கு. பின்னால் வந்த மதுக்கூடக்காரர்கள் அதில் செர்ரி மது, ஆரஞ்சு மது, அப்சிந்த் என்று கண்டதையும் சேர்க்க, எரிச்சலடைந்த வாடிக்கையாளர்கள் “எனக்குப் பழைய பாணியில் கொடு” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுவே பெயராகிவிட்டது. லூயிவில்லில் 1881இல் தொடங்கிய ஒரு கிளப் இது தன் கண்டுபிடிப்பு என்கிறது. அதற்கு முந்தைய ஆண்டே பத்திரிகையில் பெயர் அச்சாகியிருக்கிறது. ஊருக்கு ஊர் தலப்பாகட்டி மாதிரிதான்.

முதலில் விஸ்கி. இந்தப் பானத்துக்கு முறைப்படி போர்பன் அல்லது ரை விஸ்கி வேண்டும். போர்பன் என்றால் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். வெனிலா வாசனை அந்தப் பீப்பாயிலிருந்து வருவது. 2025 பிப்ரவரியில் இந்திய அரசு போர்பன் மீதான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தது. எங்கள் பெட்டி அதற்கு முன்பே சேர்ந்துவிட்டதால் பழைய வரியைக் கட்டித்தான் வாங்கினேன். விவரத்தைக் கேட்ட அப்பா, “நாமக்கல்லுல கோழிக்குப் போடறதை இவ்வளவு காசு குடுத்தா வாங்கின?” என்றார். அவருடைய பழைய பிராண்டு கரும்புச் சக்கைப்பாகிலிருந்து வந்த சாராயம் கலந்தது, ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்கவே முடியாது என்று சொன்னேன். “நான் ஐரோப்பாவுலயா குடிச்சேன்?” என்று கேட்டுவிட்டார். அடுத்த பாட்டிலுக்கு உள்ளூர் சிங்கிள் மால்ட் என்று சமரசம். 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகமான பெங்களூர் அம்ருத்துக்குப் பிறகு அந்த வகையில் நமக்கும் குறைச்சல் இல்லை.

வாங்கப் போவது இன்னொரு கதை. மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிப்பதற்குத் தனிநபர் பெர்மிட் வேண்டும். ஒரு நாளுக்கு, ஓர் ஆண்டுக்கு, ஆயுளுக்கு என்று மூன்று வகை. “ஆயுளுக்கே எடுத்துடு, அது எவ்வளவு நாளுன்னு அவங்களாவது சொல்றாங்களா பாப்போம்” என்றார் அப்பா.

சின்ன பாட்டில்தான் பெட்டியின் உயிர். அங்கஸ்டுரா பிட்டர்ஸ். யோஹான் ஸீகெர்ட் என்ற ஜெர்மன் டாக்டர், சிமோன் பொலிவாரின் படையில் வயிற்றுக்கோளாறுக்கு மருந்தாக 1824இல் தயாரித்தது. வெனிசுவேலாவில் அப்போது அங்கஸ்டுரா என்று பெயர் கொண்டிருந்த ஊரின் பெயர் இதற்கு வந்தது. ஊர் பின்னால் பொலிவாரின் பெயருக்கு மாறிவிட்டது. ஸீகெர்ட்டின் பிள்ளைகள் தொழிலை டிரினிடாட் தீவுக்குக் கொண்டுபோனார்கள். லேபிள் பாட்டிலை விடப் பெரிசாகக் கழுத்தைச் சுற்றி நிற்கும். அண்ணன் தம்பி பேசிவைத்துக்கொள்ளாமல் ஆளுக்கொரு அளவில் பாட்டிலும் லேபிளும் செய்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். அண்ணன் தம்பி விஷயம் என்பதால் நம்பத் தோன்றுகிறது. கசப்புக்கு முக்கியக் காரணம் ஜென்ஷியன் வேர். இங்கே வடக்கத்தி நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிராய்தாவும் அதே குடும்பத்துச் செடிதான். பாட்டிலைத் தலைகீழாக்கி இரண்டு உதறு உதறினால் போதும். முதல்முறை குடித்த அப்பா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். “வருஷப்பிறப்புக்கு உங்கம்மா பண்ற வேப்பம்பூப் பச்சடியில விஸ்கியை ஊத்தின மாதிரி இருக்கு” என்றார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அம்மாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

சர்க்கரையில் சிக்கல் ஒன்றுமில்லை. நம் ஊர்ச் சீனி குளிர்ந்த விஸ்கியில் லேசில் கரையாது. ஆகவே இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டு, கம்பிப் பதத்துக்கு முன்பே இறக்கி ஆறவைத்த பாகு, ஒரு டீஸ்பூன். நீளக் கரண்டி ஃபலூடாக் கடைக்காரர்கள் வாங்கும் கடையில் கிடைத்தது. பீலர் ஏற்கெனவே வீட்டில் உண்டு.

ஆரஞ்சுத் தோல்தான் படுத்தியது. சுளைக்கு நாக்பூரை மிஞ்ச முடியாது. ஆனால் அதன் தோல் சட்டை மாதிரி தொளதொளவென்று நிற்பதால் பீலர் ஓடினால் கிழிகிறது. சாத்துக்குடித் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும், வாசனை வேறு. கடைசியில் கிராஃபோர்டு மார்க்கெட்டில் ஒட்டுத்தோல் இறக்குமதி ஆரஞ்சு வாங்கினேன். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு சீவி, கிளாஸின் மேல் மடித்து அழுத்தினால் தோலின் எண்ணெய் தூறலாகத் தெறிக்கும். தீக்குச்சி காட்டினால் அந்தத் தூறல் பற்றிக்கொள்ளும். என் மகன் தாத்தாவுக்காக அதைச் செய்வான். அவனுக்கு அனுமதிக்கப்பட்டது நெருப்பு மட்டும்.

ஐஸ் அப்பாவின் இலாகா. ஃபிரிட்ஜ் தட்டில் உறையும் சின்னக் கட்டிகள் சீக்கிரம் கரைந்து பானத்தை நீர்க்கவைத்துவிடும். பெரிய கட்டி என்றால் மெதுவாகக் கரையும். தட்டில் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் உறைவதால் தண்ணீரில் கரைந்திருந்த காற்று நடுவில் மாட்டிக்கொண்டு வெளுத்துப்போகிறது. சப்பாத்தி வைக்கும் ஹாட் பேக்கில் தண்ணீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீஸரில் வைத்தால் மேலிருந்து கீழாக மட்டும் உறையும். காற்று அடிக்குத் தள்ளப்படும். முழுதும் உறைவதற்குள் எடுத்தால் மேல்பாகம் கண்ணாடி. இதை ஒருமுறை சொன்னேன். மறுநாளிலிருந்து அப்பா ஹாட் பேக்கை யாரையும் தொடவிடுவதில்லை. சின்ன வயதில் திருச்சியில் மரத்தூளில் புதைத்து விற்ற ஐஸ் பாளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, ரொட்டிக் கத்தியால் கோடு கிழித்து, அதன் முதுகில் ஒரு தட்டு தட்டிக் கனசதுரமாக உடைப்பார். பாதி மாலை இதிலேயே போய்விடுகிறது.

அளவில்தான் பேரம் நடந்தது. பெக் மெஷரில் ஒரு பக்கம் 30 மில்லி, மறுபக்கம் 60. அவர் 60 என்றார். நான் 30 என்றேன். டாக்டரைக் கேட்டு 45க்கு வந்தோம்; தினமும் இல்லை, புதனும் சனியும் மட்டும் என்ற நிலைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. இருமல் மருந்து மூடி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். 30ஐ மெஷரிலும் 15ஐ மூடியிலும் அவரே அளந்து ஊற்றுவார். கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்து.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. சென்னையிலிருந்து ஃபோன் செய்தான். “அப்பாவுக்கு நீயே ஊத்திக் குடுக்கிறியாமே? எவ்வளவு குறைச்சாலும் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2023ல சொல்லிடுச்சு, தெரியுமில்ல?” தெரியும். அவன் சொல்வது சரி. “பரண் மேல இருந்தது எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமாண்ணா?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அம்மா இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாங்க” என்றான். அம்மா கிரைண்டர் போட்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை அவன் மும்பைக்கு வந்தால் புதன், சனி தவிர்த்துத்தான் வருகிறான்.

அப்பா பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறார். தேதி, 45, கையிருப்பு. 750 மில்லி பாட்டிலுக்கு 16 கிளாஸ் போக 30 மிச்சம். அது அடுத்த பாட்டிலின் தொடக்க இருப்பில் சேரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைத் துடைத்தபோது பாட்டிலின் மட்டம் நோட்டைவிடக் கீழே இருந்தது. முதல் நாள் அம்மாவின் திதி. நான் நோட்டை மூடி வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. மாலை வந்து பார்த்தபோது, கணக்கர் கையெழுத்தில், கோடு பிசகாமல் ஒரு வரி சேர்ந்திருந்தது: “திங்கள். 30. கலக்காமல்.” அதற்கடுத்த புதன்கிழமைக்கு நேராக 15 என்று எழுதியிருந்தார். அப்படியே குடித்தார்.

போன சனிக்கிழமை பிட்டர்ஸ் பாட்டிலுக்கும் கணக்குப் போட்டார். இருமல் மருந்து மூடியில் பத்து முறை உதறினால் 10 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. “கிளாஸுக்கு 2 மில்லின்னே வெச்சுக்கோ. 200 மில்லி பாட்டில். நூறு கிளாஸ். ஆறு விஸ்கி பாட்டில் தீர்ந்தாலும் இது தீராது” என்றார். பிறகு கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு பெரிய சட்டை போட்டிருக்கான், காலாவதித் தேதியை எங்க அச்சடிச்சிருக்கான்? அந்த லென்ஸை எடும்மா” என்றார்.