சொந்தப் படகில் ஒரு கடற்காவல்

2016-ல் மகன் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தேன். காலை நடை முடிந்ததும் கடற்கரை பெஞ்சில் உட்காருவது வழக்கம். என்னைவிட எட்டு வயது மூத்த வெள்ளைக்காரர் ஒருவரும் அங்கே வருவார். ஒரு நாள் பேச்சு இரண்டாம் உலகப் போர் பக்கம் திரும்பியது. "என் அப்பா எங்கள் வீட்டு மோட்டார் படகிலேயே கடற்காவலுக்குப் போனார்" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜம்தான்.

1942 ஜனவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கே வந்துவிட்டன. கரையோர ஊர்களிலோ விளக்குகளை அணைக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் எண்ணெய்க் கப்பல்கள் கறுப்பு நிழலாகத் தெரிய, குறிவைப்பது சுலபமாகிவிட்டது. கப்பல்கள் வரிசையாக மூழ்கின. காவலுக்குப் போதிய கப்பல் இல்லை. அதனால், சொந்தமாக மோட்டார் படகும் பாய்மரப் படகும் வைத்திருந்தவர்களைக் கடலோரக் காவல்படை கூப்பிட்டது. வயதானதால் ராணுவத்தில் சேர முடியாதவர்களும் வந்தார்கள். படகில் ஒரு ரேடியோ, கிடைத்தால் ஒரு இயந்திரத் துப்பாக்கி, அவ்வளவுதான். 'ஹூலிகன் நேவி', அதாவது ரவுடிக் கடற்படை, என்று கேலிப் பெயரும் உண்டு.

'கடலும் கிழவனும்' எழுதிய ஹெமிங்வேகூட 1942, 43-ல் தன்னுடைய 38 அடி 'பிலார்' படகில் கையெறி குண்டுகளோடு கியூபா கடலில் நீர்மூழ்கி தேடி அலைந்தவர்தான். ஒன்றையும் தாக்க வாய்க்கவில்லை.

"உங்கள் அப்பா நீர்மூழ்கியைப் பார்த்தாரா?" என்று கேட்டேன்.

"ஒருநாளும் இல்லை. ஆனால் ஒரு ராத்திரி, மூழ்கிய கப்பலின் மாலுமிகள் நாலு பேரைத் தூக்கி வந்தார். உடம்பெல்லாம் எண்ணெய். அவர்களுக்குப் போர்த்திய எங்கள் வீட்டுக் கம்பளியில் அந்தக் கறை கடைசிவரை போகவில்லை."

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அதே 1942-ல், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மெட்ராஸைக் காலி செய்தபோது, அவர் திருவல்லிக்கேணியில் ஏ.ஆர்.பி. வார்டன். விசிலோடு தெருத்தெருவாகப் போய், வெளிச்சம் தெரியும் வீடுகளில் கதவைத் தட்டி விளக்கை அணைக்கச் சொல்வாராம். கல்லூரியில் படித்த திமிரில் ஒருநாள் கேட்டேன்: "நம்ம தெருவுல ஒரு குண்டுகூட விழலையே அப்பா, எதைக் காவல் காத்தீங்க?" அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அணைக்காத விளக்கு என்ன செய்யும் என்பது எனக்கு அந்த பெஞ்சில்தான் புரிந்தது. அதற்குள் அப்பா போய் முப்பத்தைந்து வருஷம்.

அன்று ராத்திரி பேரனிடம் கொள்ளுத்தாத்தா கதையைச் சொன்னேன். "குண்டு விழுந்துதா தாத்தா?" என்றான்.

"விழலை. ஆனா தினமும் ராத்திரி போனார்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வார்டன் இருந்திருந்தால் எழுதுங்கள்.